உதைப்புக்கு முன்பே வரும் அச்சம்



வார இறுதிகளில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர்கள், ஆண்டில் சில நாட்கள் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறுகிறார்கள் என்றால் கேட்பவர் வியப்பது இயல்பே. நியூசிலாந்தின் தென் தீவில் வாழும் எங்களிடம் ஊரிலிருந்து பேசும் உறவினர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். முதலாவது, "அங்கே வேட்டையாடலாமா?" இரண்டாவது, "துப்பாக்கி பின்னால் உதைக்குமாமே, தோள் கழன்றுவிடாதா?" முதற் கேள்விக்குச் சில வரிகளில் விடை கூறிவிடலாம். இரண்டாவதற்கு நிதானமாகவே விடை கூற வேண்டும். அந்தக் கேள்விக்குள் தோளைப் பற்றிய கவலையைவிடப் பெரிய செய்தி ஒன்று அடங்கியிருக்கிறது.

இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துள்ளது. அங்கு வாழ்வோர் அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். இந்நாட்டின் நிலை வேறு. இங்கு இன்று நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் வௌவால்களைத் தவிர வேறெதுவும் இம்மண்ணுக்கு உரியதன்று. 19 ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் கொண்டுவந்து விட்ட செம்மான்கள் பல்கிப் பெருகி, காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து அழிக்கின்றன. ஆகவே அரசே அவற்றை வேட்டையாட அனுமதிச்சீட்டு வழங்குகிறது. துப்பாக்கி வைத்திருப்பவருக்கு உரிமம் கட்டாயம். ஒரு மானின் இறைச்சி எங்கள் நான்கு குடும்பங்களுக்குப் பல வாரங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

துப்பாக்கியைக் கையிலெடுப்பது எங்களுக்கு எளிய செயல் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2019 மார்ச் 15, ஜும்ஆ நாளன்று கிறைஸ்ட்சர்ச் நகரின் இரு பள்ளிவாசல்களில் 51 பேர் ஷஹீதாக்கப்பட்டார்கள். அதன் பின்னர், அடுத்தடுத்துத் தானே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றை இந்நாடு தடைசெய்தது. நாங்கள் பயன்படுத்துவது ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்ற வேண்டிய வேட்டைத் துப்பாக்கி. ஆயினும், அதைக் கண்டாலே முகம் மாறும் சகோதரர்கள் எங்கள் ஜமாஅத்தில் உண்டு; அவர்கள் முன்னிலையில் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. இத்தகைய கருவியைக் கையாள்பவர் அதன் இயல்பை முழுமையாக அறிந்திருத்தல் கடமை என்றே கருதுகிறோம்.

இனி, உதைப்பு என்பது யாது? குண்டு முன்னே செல்லும்போது துப்பாக்கி பின்னே வருகிறது. பள்ளிப் பாடத்தில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். இங்கு மான் வேட்டைக்குப் பரவலாகப் பயன்படும் .308 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். பத்து கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையுள்ள குண்டு, வினாடிக்கு ஏறத்தாழ 860 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. எரிந்த வெடிமருந்தின் வாயுவும் அதனுடன் பாய்கிறது. இவற்றுக்கு ஈடாக மூன்றரைக் கிலோ எடையுள்ள துப்பாக்கி, வினாடிக்கு ஏறத்தாழ மூன்றரை மீட்டர் வேகத்தில் தோளை நோக்கி வருகிறது. அதன் ஆற்றல் 22 ஜூல் அளவு; ஒரு கிலோ எடை இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பானது. அதே எடையுள்ள துப்பாக்கியில் .243 தோட்டாவைப் பயன்படுத்தினால் 13 ஜூல் அளவுக்குக் குறையும். .300 வின்செஸ்டர் மேக்னம் என்றால் 40 ஜூலை எட்டும். துப்பாக்கியின் எடை ஒரு கிலோ கூடினால் .308 தோட்டாவின் உதைப்பு ஐந்தில் ஒரு பங்கு தணியும். சுமந்து ஏறுவதற்கு இலகுவான துப்பாக்கி, சுடும்போது கடுமையாக உதைப்பதற்குக் காரணம் இதுவே.

இந்த எண்களைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. தோட்டாவில் நெருப்புப் பற்றிய பின் குண்டு குழலைவிட்டு வெளியேற ஆகும் காலம், வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியது. அதற்குள் துப்பாக்கி பின்னோக்கி நகர்ந்திருப்பது ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே. மனித உடல் ஓர் அதிர்ச்சியை உணர்ந்து பதிலளிக்க அதைப் போல நூறு மடங்குக்கும் மேலான நேரம் வேண்டும். துப்பாக்கியை ஒழுங்காகப் பற்றியிருப்பவருக்கு, தோள் உதையை உணரும் கணத்தில் குண்டு தன் வழியே போய்விட்டது. உதைப்பு குறியைக் கெடுப்பது அரிது.

அவ்வாறாயின் குறியைக் கெடுப்பது எது? வரப்போகும் உதையை எண்ணி, அது வருவதற்கு முன்பே உடல் சுருங்கிக்கொள்வதுதான். விசையை அழுத்தும் அந்தக் கணத்தில் கண் மூடிக்கொள்கிறது. தோள் முன்னே தள்ளுகிறது. விரல் மென்மையாக அழுத்துவதற்குப் பதிலாகப் பிடுங்கி இழுக்கிறது. குண்டு இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே குழலின் முனை விலகிவிடுகிறது. வந்து முடிந்த அடியால் விளையாத கேடு, வராத அடியின் அச்சத்தால் விளைந்துவிடுகிறது.

அந்த விலகல் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஒரு மீட்டர் நீளமுள்ள துப்பாக்கியின் முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் கோணினால், 150 மீட்டர் தொலைவில் குண்டு 15 சென்டிமீட்டர் விலகி விழும். மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதியின் நடுவில் வைத்த குறி, அதன் இரைப்பைக்குப் போவதற்கு அவ்வளவு போதும். நுரையீரலில் பட்ட மான் சில வினாடிகளில் சாய்ந்துவிடும். வயிற்றில் பட்ட மானோ புதருக்குள் ஓடி, மணிக்கணக்கில் துடித்து, யாரும் காணாத பள்ளத்தாக்கில் மடியும்.

இங்கேதான் இது மார்க்கத்தின் பொருளாகவும் ஆகிறது. எல்லாவற்றிலும் இஹ்ஸானை, அதாவது அழகிய முறையை, அல்லாஹ் விதித்திருக்கிறான் என்றும், அறுப்பவர் தம் கத்தியைத் தீட்டிப் பிராணியின் வேதனையைக் குறைக்க வேண்டும் என்றும் கூறும் நபிமொழியை ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். எங்கள் மத்ரஸாவில் அதை ஓதிக்கொடுக்கும்போது பிள்ளைகள் கத்தியை மட்டுமே எண்ணுகிறார்கள். தொலைவில் நின்று சுடுபவரின் கத்தி எது? குண்டு தொழிற்சாலையிலிருந்து கூராகவே வருகிறது. தீட்டப்படாமல் இருப்பது சுடுபவரின் விரல். உதைப்புக்கு அஞ்சாத வண்ணம் உடலைப் பழக்குவதே எங்களைப் பொறுத்தவரை கத்தியைத் தீட்டுவது.

ஹலாலும் இதனுடன் பிணைந்திருக்கிறது. வேட்டையைப் பற்றி அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டறிந்த செய்திகள் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளன. எறிகோலின் கூர்முனை தைத்து இறந்ததை உண்ணலாம். அதன் பக்கவாட்டுப் பகுதி மோதி இறந்தது அடிபட்டுச் செத்ததாகும், அதை உண்ணலாகாது என்று அவர்களுக்கு விளக்கப்பட்டது. தண்ணீரில் விழுந்து கிடந்த பிராணியைப் பொறுத்தும் எச்சரிக்கை உண்டு. அம்பு கொன்றதா, நீர் கொன்றதா என்று தெரியாது அல்லவா? உயிருடன் எட்டிப் பிடித்தால் அறுத்தாக வேண்டும். துப்பாக்கிக் குண்டால் இறந்ததைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. முற்கால ஃபிக்ஹு நூல்கள் பேசும் களிமண் உருண்டை, நசுக்கிக் கொல்வது. இன்றைய குண்டோ துளைத்துக் குருதி சிந்தச் செய்வது. ஆகவே பிஸ்மில்லாஹ் கூறிச் சுட்டதை உண்ணலாம் எனத் தற்கால அறிஞர்கள் பலர் தீர்ப்பளித்திருக்கிறார்கள். நாங்கள் அதைப் பின்பற்றுகிறோம். பேணுதலாக விலகிக்கொள்ளும் குடும்பங்களும் எங்கள் ஜமாஅத்தில் இருக்கின்றன. இறைச்சியைப் பங்கிடும்போது, அது எவ்வாறு கிடைத்தது என்பதை முன்கூட்டியே அவர்களிடம் தெரிவித்துவிடுகிறோம். எந்தக் கருத்தை ஏற்றாலும், வயிற்றில் குண்டு பட்டு ஓடி ஆற்றில் விழுந்த மான் சந்தேகத்துக்குரியது. சுடுபவரின் விரல் நடுங்கினால் விலங்குக்கு வேதனை, உணவுக்கும் ஐயம்.

இவ்வளவும் ஏட்டளவில் தெரிந்திருந்தும், அச்சம் எவ்வாறு உடலுக்குள் ஒளிந்திருக்கும் என்பதை எங்களுக்குக் காட்டியவர் எங்களுடன் வரும் இளைஞர் ஒருவர். இருபத்திரண்டு வயது, உடற்பயிற்சியால் உரமேறிய தோள்கள். முதல் துப்பாக்கியாக .300 மேக்னம் வாங்கி வந்தார். "உஸ்தாத், இதற்கெல்லாம் நான் அசைய மாட்டேன்" என்றார். பயிற்சித் திடலில் 100 மீட்டர் தொலைவில் அவர் சுட்ட ஐந்து குண்டுகளும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குச் சிதறியிருந்தன. தொலைநோக்கி பழுதாக இருக்கலாம் என்றார்.

அத்திடலில் ஐம்பது ஆண்டுகளாக மலையேறிவரும் முதிய ஆட்டுப் பண்ணையாளர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டி. அவர் துப்பாக்கியைக் கேட்டு வாங்கினார். குழலின் முனையை இலக்கின் திசையிலிருந்து அகற்றாமல், இளைஞரை வேறு பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டு, தோட்டா ஏற்றிக் கொடுத்தார். சில முறை மெய்யான தோட்டா. சில முறை வெடிக்காத போலித் தோட்டா. எது உள்ளே இருக்கிறது என்பது சுடுபவருக்குத் தெரியாது. மூன்றாம் முறை விசையை இழுத்தபோது "டிக்" என்ற ஓசை மட்டுமே கேட்டது. ஆனால் குழலின் முனை இரண்டு விரற்கடை கீழே குத்தி இறங்கியதை அனைவரும் கண்டோம். எவரும் சிரிக்கவில்லை. இளைஞர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "வெடிக்கவே இல்லையே உஸ்தாத், நான் எதற்கு அசைந்தேன்?"

மத்ரஸாவில் நாங்கள் அன்றாடம் காணும் காட்சி அது. மனனமாக ஓதிக்காட்டும் பிள்ளை, கடினமான சொல்லில் தடுமாறுவதைவிட, அதற்கு முந்தைய எளிய சொல்லில்தான் அதிகம் தடுமாறுகிறது. அடுத்து வருவது கடினம் என்ற எண்ணமே நாவைக் கட்டிவிடுகிறது. அதட்டினால் அது தீராது. துணிவாக ஓது என்றாலும் தீராது. பகுதியைச் சிறிதாக்கி, வேகத்தைக் குறைத்து, பிழையின்றி ஓதிய அனுபவத்தைப் பல முறை கொடுத்தால்தான் நாவு விடுபடும். முதியவர் அந்த இளைஞருக்குச் செய்ததும் அதுவே.

முதலில் மேக்னத்தை உறையில் இட்டுவிட்டு, உதைப்பே இல்லாத .22 துப்பாக்கியைக் கையில் கொடுத்தார். வாரக் கணக்கில் அதிலேயே காகித இலக்குகளைச் சுட வைத்தார். உயிருள்ளதைப் பழகுவதற்கான இலக்காக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதால், காகிதமே எங்களுக்கும் ஏற்றது. வீட்டில், தோட்டாக்களை வேறோர் அறையில் பூட்டிவிட்டு, வெற்றுத் துப்பாக்கியின் விசையை மெல்ல அழுத்திப் பழகச் சொன்னார். "டிக்" ஓசை எழும்போது குறி அசையாமல் இருக்க வேண்டும். அதன் பின்னரே .243. ஓர் அமர்வில் பதினைந்து தோட்டாக்களுக்கு மேல் இல்லை. களைத்த தோள் கற்றுக்கொள்வது அச்சத்தை மட்டுமே என்பார்.

இரண்டாவதாக, காதைக் காத்தார். உடல் அஞ்சுவது உதைக்கு மட்டுமன்று, ஓசைக்கும்தான். சில வேளை ஓசைக்கே அதிகம். 140 டெசிபல் அளவிலேயே செவிக்கு நிலையான ஊறு நேரலாம். வேட்டைத் துப்பாக்கியின் வெடியோசை 160 டெசிபலை எட்டக்கூடியது. காதினுள் அடைப்பானும் அதன் மேல் காதுமூடியும் அணிந்தபின், அதே துப்பாக்கி மென்மையாகிவிட்டதாக இளைஞர் சொன்னார். இந்நாட்டில் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட சைலன்சரைக் குழல் முனையில் பொருத்தினால் ஓசையும் உதைப்பும் சேர்ந்து தணியும். மசில் பிரேக் எனப்படும் துளையிட்ட முனைப்பகுதியும் உதைப்பைக் குறைக்கும். ஆனால் அருகில் இருப்பவரின் செவிக்குக் கேடு செய்யும். தன் தோளைக் காக்கத் தோழரின் காதைப் பணயம் வைக்கலாகாது என்று நாங்கள் அதைத் தவிர்த்துவிட்டோம்.

மூன்றாவது, உடலின் நிலை. துப்பாக்கியின் அடிக்கட்டை, காறை எலும்புக்குக் கீழே, தோள் மூட்டுக்கு உட்புறமாக உள்ள சதைக் குழியில் இடைவெளி இன்றிப் பொருந்த வேண்டும். இடைவெளி இருந்தால் துப்பாக்கி வேகமெடுத்து வந்து குத்தும். பொருந்தியிருந்தால் தோளையும் உடன் தள்ளிக்கொண்டு போகும். குத்துக்கும் தள்ளுக்கும் உள்ள வேறுபாட்டை உடல் நன்கு அறியும். நின்று சுடுபவர் சற்று முன்சாய்ந்து நிற்க வேண்டும். படுத்துச் சுடுபவர் துப்பாக்கியின் நேர் பின்னால் படுக்க வேண்டும். மேசையில் அமர்ந்து சுடும்போது உடலுக்குப் பின்வாங்க வழியில்லாததால் உதை கூடுதலாகத் தெரியும். ஆகவே பழகுநரை மேசையில் நெடுநேரம் அமர்த்தலாகாது. கன்னம் கட்டையில் படிந்திருக்க, கண் தொலைநோக்கியிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் அளவாவது விலகியிருக்க வேண்டும். இல்லையேல் அதன் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். மேல்நோக்கிய சரிவில் சுடும்போது இந்த ஆபத்து மிகுதி.

"இவ்வளவு பாடு எதற்கு? மானைக் காணும் பரபரப்பில் உதையே தெரியாது" என்று கூறும் வேட்டைக்காரர்கள் உண்டு. அவர்கள் கூற்றில் பாதி உண்மை. அக்கணத்தில் உதை தெரியாதுதான். ஆனால் தெரியாமற்போவது வலி, இல்லாமற்போவது பழக்கமன்று. திடலில் நூறு முறை பிடுங்கி இழுத்த விரல், மானின் முன்னும் அவ்வாறே இழுக்கும். பரபரப்பில் மனிதன் புதிய ஒழுங்கைக் கண்டுபிடிப்பதில்லை. பழகியதன் மீதே விழுகிறான். தொழுகையில் ஏழு வயதிலேயே பிள்ளைகளைப் பழக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று.

அடுத்த ஏப்ரலில் அந்த இளைஞர் எங்களுடன் வந்தார், .243 துப்பாக்கியுடன். மாலை, அஸர் தொழுதுவிட்டு ஒரு முகட்டில் படுத்திருந்தோம். 130 மீட்டர் தொலைவில், ஓடைக்கு மேலே இருந்த புல்வெளியில் ஒரு பெண்மான் வந்து நின்றது. பக்கவாட்டில் திரும்பும் வரை அவர் காத்திருந்தார். உதடுகள் அசைந்தன. துப்பாக்கி முழங்கியது. மான் இருபது அடி நகர்ந்து, புல்வெளியிலேயே சாய்ந்தது. அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு, அது அசைகிறதா என்று தொலைநோக்கி வழியே அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உதைத்ததா தம்பி?" என்று கேட்டோம். "நினைவில்லை உஸ்தாத்" என்றார். வெடித்த கணத்தில் குறிக்கம்பி எங்கே இருந்தது என்று கேட்டோம். முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி, உடலின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் என்றார். மானின் அருகே சென்று பார்த்தபோது குண்டு பட்ட இடம் அதுவாகவே இருந்தது. இந்த விடை எங்களை மகிழ்வித்ததற்குக் காரணம் உண்டு. அஞ்சிச் சுடுபவர் அக்கணத்தில் கண்ணை மூடியிருப்பார். குறி எங்கே இருந்தது என்று அவரால் சொல்ல இயலாது. சொல்ல முடிந்தவர் இறுதிவரை கண் திறந்திருந்தவர். ஓர் உயிரை எடுக்கும் கணத்தில் கண்ணை மூடிக்கொள்ளாதிருப்பதே அவ்வுயிருக்கு நாம் செலுத்தும் குறைந்தபட்ச மரியாதை.

அவருடைய மேக்னம் இன்னமும் அலமாரியில் பூட்டியிருக்கிறது. விற்றுவிடப் போவதாகச் சொல்லியிருக்கிறார். சிறிய தோட்டாவைத் தேர்ந்தது அவருக்கு இழுக்காகத் தோன்றவில்லை. தம் உடல் அஞ்சாமல் தாங்கும் அளவை அறிந்து அதற்குள் நிற்பவரே நன்றாகச் சுடுகிறார் என்பதை நாங்களும் அவரிடமிருந்து கற்றுக்கொண்டோம்.

வேட்டைக்கு அனுமதியுள்ள நாடுகளில் வாழும் சகோதரர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். உரிமமும் அனுமதிச்சீட்டும் பெறுங்கள். கருவி எப்போதும் தோட்டா ஏற்றப்பட்டதாகவே கருதி நடந்துகொள்ளுங்கள். இலக்கு இன்னதென்று ஐயமற அறியும் வரை விரலை விசையில் வைக்காதீர்கள். மலையேறும் முன் ஒரு நண்பரிடம் போலித் தோட்டாவைக் கொடுத்து உங்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். "டிக்" என்ற ஓசையில் துப்பாக்கி அசைந்தால், அந்த ஆண்டு மலைக்கு வேண்டாம், திடலே போதும். மான்கள் அடுத்த ஆண்டும் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

வல்ல ரஹ்மான் நம் கைகளில் ஒப்படைத்த ஒவ்வொன்றையும் அமானிதமாகக் கருதிப் பேணவும், வாயற்ற உயிர்களிடத்தும் இஹ்ஸானுடன் நடந்துகொள்ளவும் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக. ஆமீன்.